குன்னூர் ஜீனோம் பயிற்சி: 18,000 ரூபாய்க்கு என்ன கிடைத்தது

விலையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். ஐந்து நாள் வகுப்பு, கட்டணம் 18,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. தங்குமிடம் நம் பொறுப்பு. மதியச் சாப்பாடு, இரண்டு வேளை டீ வர்க்கி, ஒரு துணிப்பை, ஒரு சான்றிதழ் அவர்கள் பொறுப்பு. அறிவிப்பில் போட்டிருந்த தலைப்பு: 'ஜெனடிக் எபிடெமியாலஜியும் ஜீனோம் சீக்குவென்சிங் பகுப்பாய்வும்'. நடத்தியவர்களின் பெயரை எழுதப் போவதில்லை. இந்த மாதிரிக் குறுகிய காலப் பயிற்சிகள் இப்போது ஊருக்கு ஊர் கிட்டத்தட்ட ஒரே அச்சில் நடக்கின்றன. குன்னூர் வகுப்பைப் பற்றி நான் சொல்வதில் முக்கால்வாசி நீங்கள் போகப்போகிற வகுப்புக்கும் பொருந்தும்.

சுருக்கமாகக் கேட்டால்: எபிடெமியாலஜி (நோய் யாருக்கு, எவ்வளவு, ஏன் வருகிறது என்ற கணக்கு) பாதிக்குக் கொடுத்த காசு தகும். சீக்குவென்சிங் (ஜீனோமை எழுத்து எழுத்தாகப் படிப்பது) பாதியை வீட்டில் உட்கார்ந்து இலவசமாகவே கற்றுக்கொள்ளலாம், ஒரே ஒரு மணி நேரத்தைத் தவிர. அந்த ஒரு மணி நேரம் எது என்று கீழே சொல்கிறேன்.

நான் கூடலூர் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையில் லேப் பொறுப்பில் இருக்கிறேன். எங்கள் தினசரி வேலையில் பெரும் பங்கு சிக்கிள் செல், அதாவது அரிவாள் செல் ரத்தசோகை. முதலில் கரைதிறன் பரிசோதனை: குழாய்க்குப் பின்னால் வைத்த தாளின் கறுப்புக் கோடுகள் தெரியாத அளவுக்குக் கரைசல் கலங்கினால், அந்த ரத்தத்தை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி இயந்திரத்துக்கு அனுப்புவோம். இந்தியாவில் சிக்கிள் ஹீமோகுளோபின் முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே எங்கள் மலையில்தான். லேமன், கட்புஷ் என்ற இருவர் 1952-இல் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தைப் பார்த்து எழுதினார்கள். அதற்கு எழுபது வருஷம் கழித்து, 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047-க்குள் நோயை ஒழிப்பது என்பது இலக்கு. எங்கள் லேபில் ரத்தக் குழாய்கள் குவிய ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

வகுப்புக்கு நான் ஒரு கேள்வியோடு போனேன். கேரியர் (சிக்கிள் மரபணு ஒரு பிரதி மட்டும் உள்ளவர், நோயாளி அல்ல) ஒருவரின் ரத்தத்தில் எஸ் ஹீமோகுளோபின், அதாவது சிக்கிள் ஹீமோகுளோபின், பொதுவாக 35 முதல் 40 சதவீதம் வரை இருக்கும். எங்கள் இயந்திரம் சிலருக்கு 28, 30 என்று காட்டுகிறது. இரும்புச்சத்துக் குறைவாலும் அப்படி வரலாம், ஆல்ஃபா தலசீமியா (ஹீமோகுளோபினின் ஆல்ஃபா பகுதியைச் செய்யும் மரபணு குறைந்துபோவது) கூடவே இருந்தாலும் வரலாம். எது என்று ஜீனோமைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியுமா? இந்த ஒரு கேள்வி கையில் இருந்ததால்தான் ஐந்து நாளும் தூங்காமல் உட்கார முடிந்தது. கேள்வி எதுவும் இல்லாமல் 'கற்று வைத்துக்கொள்வோம்' என்று வந்திருந்தவர்கள் இரண்டாம் நாள் மத்தியானமே ஃபோனில் மூழ்கிவிட்டார்கள்.

இடத்தைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பங்களாவின் கூடம், மரத்தரை, பிளக் பாயின்ட் மட்டும் போதாது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு ஆறு லேப்டாப். மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே மஞ்சு இறங்கிவிடும், கரண்டும் போய்விடும். ஜெனரேட்டர் இருந்தது, அதை ஓட்டத் தெரிந்தவர் டீ வாங்கப் போயிருப்பார். சாப்பாடு நன்றாக இருந்தது. மிளகு ரசத்துக்கே தனியாக ஒரு நட்சத்திரம் போடலாம்.

முதல் இரண்டு நாள் எபிடெமியாலஜி. எடுத்தவர் வயதான ஒரு மேடம், ஓய்வுபெற்ற டாக்டர். ஸ்லைடு இருந்தது, ஆனால் அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போர்டில் சாக்பீஸால் எழுதித்தான் பாடம். முதல் கேள்வியே என்னைப் பார்த்து வந்தது: "உங்க ரிஜிஸ்டர்ல நூத்துக்கு எத்தனை கேரியர்?" சொன்னேன். "அது ஊர்ல இருக்கிற கணக்கா, ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கணக்கா?"

ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் வலி வந்ததால் வருகிறார்கள், அல்லது வலி வந்தவரின் அண்ணன் தம்பியாக வருகிறார்கள். ஆகவே எங்கள் ரிஜிஸ்டர் ஊரைவிட அதிகமாகக் காட்டும். சரி, ஊருக்கே போய் முகாம் போட்டால்? வேலை நாளில் போட்டால் தோட்டத்துக்கு இலை பறிக்கப் போனவர்கள் வரமாட்டார்கள்; கிழவர்களும் குழந்தைகளும்தான் கிடைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை போட்டால் சந்தைக்குப் போனவர்கள் விடுபடுவார்கள். பெரியவர்களை மட்டும் எடுத்தால், இந்த நோயால் சின்ன வயதிலேயே இறந்துபோனவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள். அவர்கள் இல்லாத பட்டியலைப் பார்த்துவிட்டு 'நோயாளிகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, இங்கே நோய் லேசானது' என்று எழுதிவிடுவார்கள். இதையெல்லாம் ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல், ஒரு போர்டை வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் சொன்னார். பக்கத்தில் இருந்த பையன் "எப்ப மேடம் சாஃப்ட்வேர்?" என்று கேட்டான். "அது உங்க தப்பை வேகமாப் பண்ணித் தரும், அவசரப்படாதீங்க" என்றார்.

அடுத்து ஹார்டி-வைன்பெர்க். ஊரில் ஒரு மரபணுவின் பங்கு தெரிந்தால் கேரியர் எத்தனை, நோயாளி எத்தனை என்று சொல்லும் சூத்திரம், 1908-இல் வந்தது, பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தது. மேடம் அதை இப்படிக் கணக்காகப் போட்டார். ஒரு ஊரில் சிக்கிள் மரபணுவின் பங்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10,000 பேரில் 1,800 பேர் கேரியர், 100 பேர் நோயாளி. இது சொந்தத்தில் கட்டாத ஊர். எல்லாத் திருமணமும் மாமன் மகள், அத்தை மகன் என்று நடந்தால் அடுத்த தலைமுறையில் நோயாளிகள் 156. ஸ்லைடு அங்கேயே நின்றுவிட்டது. ஏதோ வெளிநாட்டுப் பாடத்திலிருந்து எடுத்த ஸ்லைடு போல. மேடம் நிற்கவில்லை. "நம்ம ஊர் கணக்கு இன்னும் பாக்கி இருக்கு" என்று சொல்லி, அக்கா மகளைக் கட்டுவதற்கான கணக்கையும் போட்டார். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டினால் பிறக்கும் குழந்தைக்கு உட்கலப்புக் குணகம் (ஒரு மரபணுவின் இரண்டு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு) 1/16; தாய்மாமன், அக்கா மகள் கட்டினால் 1/8. நோயாளிகள் 212. மரபணுவின் பங்கு அதே 10 சதவீதம்தான், ஒரு சொட்டு கூடவில்லை. யார் யாரைக் கட்டுகிறார்கள் என்பது மட்டும் மாறியது, நோயாளிகள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டார்கள். கீழே கோயம்புத்தூர், மதுரையிலிருந்து வந்தவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பழங்குடிகளைப் பற்றிய பாடம் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், பாவம்.

நான் இந்த மதிப்புரையை எழுத உட்கார்ந்ததே அடுத்ததைச் சொல்லத்தான். நோயுள்ளவர்களையும் இல்லாதவர்களையும் ஒப்பிட்டு, எந்த மரபணு மாற்றம் நோயோடு சேர்ந்து வருகிறது என்று பார்க்கும்போது, சொந்தக்காரர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்பது பாடத்திட்டத்தில் இருந்த விதி. பிளிங்க் என்ற மென்பொருளுக்கு 0.0884 என்று ஒரு எண்ணைக் கொடுத்தால், ஒன்றாம், இரண்டாம் நிலை உறவுகளில் ஒருவரை வைத்துக்கொண்டு மற்றவரைத் தூக்கிவிடும். லண்டனுக்கோ சென்னைக்கோ அது சரி. எங்கள் பக்கம் முப்பது வீடு இருக்கிற பாடியில் (பழங்குடிக் குடியிருப்பில்) இந்தக் கட்டளையைக் கொடுத்தால் மிஞ்சுவது யார்? நான் கேட்டேன். கைபிசைவார் என்று நினைத்தேன். மேடம் உடனே போர்டை அழித்துவிட்டு, உறவை நீக்காமல் உறவையே கணக்கில் சேர்க்கும் முறையை எழுத ஆரம்பித்தார். யாருக்கு யார் எவ்வளவு நெருக்கம் என்று ஒரு பெரிய அட்டவணை போட்டு, அதை மாடலுக்குள் வைத்துவிடுவது. ஜெம்மா, சேஜ் எல்லாம் அந்த வகை மென்பொருள்கள். நீக்கினால் போகிற ரத்தம் ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் நின்று கெஞ்சி எடுத்தது. ஒன்றைக்கூட வீணாக்க வேண்டாம் என்று தெரிந்த இடம் அதுதான்.

இதே கையோடு இன்னொரு பொறியையும் காட்டினார். தரம் பார்க்கும் வடிகட்டிகளில் ஒன்று, ஹார்டி-வைன்பெர்க் விகிதத்தில் நிற்காத இடங்களை 'சோதனைப் பிழை' என்று தள்ளிவிடும். நோயாளிகளையும் சேர்த்து அந்த வடிகட்டியில் போட்டால் முதலில் விழுவது ஆர்எஸ்334, அதாவது சிக்கிள் செல்லுக்குக் காரணமான அந்த மாற்றமே. நோயாளிகளாகத் தேடித் தேடிச் சேர்த்தால் விகிதம் கோணத்தானே செய்யும். வடிகட்டியை நோயில்லாதவர்கள் மேல் மட்டும் ஓட்ட வேண்டும். பயிற்சித் தரவில் இரண்டு விதமாகவும் ஓட்டிக் காட்டினார். ஒன்றில் உச்சியில் நின்ற புள்ளி, மற்றதில் காணவில்லை. தேடிப் போன பொருளைத் துப்புரவு என்ற பெயரில் நாமே குப்பையில் போடுவதைக் கண்ணால் பார்த்தது இந்த வகுப்பில்தான்.

10 லட்சம் இடங்களைச் சோதித்தால், தற்செயலா இல்லையா என்று பிரிக்கும் 0.05 என்ற பழைய எல்லை உதவாது, அதை 10 லட்சத்தால் வகுத்து 5×10⁻⁸ என்று வைக்கிறார்கள் என்பதெல்லாம் எந்த இணையப் பாடத்திலும் கிடைக்கும். மரபணு மாற்றங்களை வைத்து ஒரு நோய்க்கு எது காரணம் என்று பார்க்கும் மெண்டலியன் ராண்டமைசேஷனுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்கு அது போதாது, எடுக்காமலே விட்டிருக்கலாம். ஆனால் எம்ஒய்பிபிசி3 கதை எடுத்துச் சொன்ன விதம் அழகு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்து விடுபட்டிருப்பது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு உண்டு, இதயத் தசை நோயோடு தொடர்புடையது என்று 2009-இல் வந்தபோது பெரிய பேச்சாக இருந்தது. அப்படியானால் கோடிக்கணக்கான பேர் ஆபத்தில் இருக்கிறார்களா? பிற்பாடு நோண்டிப் பார்த்ததில், அந்த நீக்கம் உள்ளவர்களில் சிலருக்குக் கூடவே இன்னொரு எழுத்து மாற்றமும் ஒட்டிக்கொண்டு வருவது தெரிந்தது. இதயத்தின் இயக்கத்தில் மாறுதல் தெளிவாகத் தெரிந்தது அந்தச் சிலரிடத்தில். ஒன்றோடு ஒன்று ஒட்டி வரும் இரண்டில் குற்றவாளி எது என்பதுதான் இந்தத் துறையின் பாதி வேலை என்றார் மேடம்.

நெறிமுறைக்கு ஒரே ஒரு மணி நேரம். அறிவிப்பில் அதைச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தில் சொருகியிருந்தார்கள். ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டு நெறிகளைப் படித்துக் காட்டுவதோடு முடிந்திருக்க வேண்டியது. எங்கள் கூட வந்திருந்த சுகாதாரப் பணியாளர் அக்கா ஒருவர், பணியர் சமூகத்தவர், எழுந்து நின்றார். "எங்க பாடியில ரத்தம் எடுக்காத வருஷமே இல்ல. எடுத்துட்டுப் போனவங்க ஒருத்தராவது திரும்பி வந்து, உனக்கு இதுதான்னு சொல்லிருக்காங்களா, கேளுங்க." அதற்குப் பிறகு சாப்பாட்டு மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பேச்சு எங்கெங்கோ போய், பெயரை நீக்கிவிட்டால் போதுமா என்பதில் நின்றது. தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவு. வயது, ஆண் பெண், எந்த மந்து (தோடர் ஊர்) என்று மூன்று விவரம் இருந்தால் போதும், ஆள் யார் என்று ஊட்டி டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். இதற்கு யாரிடமும் தயார் பதில் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தை அரை நாளாக்கச் சொல்லி கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த மூன்று நாள் சீக்குவென்சிங். எடுத்தவர் இளைஞர், பெங்களூரிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர். ஆனால் அவர் தட்டும் வேகத்துக்கு எங்கள் கண் போகவில்லை. வரிசை இதுதான்: இயந்திரம் கொடுக்கும் ஃபாஸ்ட்கியூ கோப்பு, அதில் தரம் பார்ப்பது, பிடபிள்யூஏ வைத்து மாதிரி ஜீனோமோடு (எல்லோரும் ஒப்பிடப் பயன்படுத்தும் பொது ஜீனோம்) பொருத்துவது, ஜிஏடிகே வைத்து மாற்றங்களைக் கண்டுபிடிப்பது, கடைசியில் விசிஎஃப் என்ற பட்டியல். தரத்துக்கு கியூ30 என்றால் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று தப்பு, கியூ20 என்றால் நூற்றுக்கு ஒன்று. கட்டளைகளை அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்துத் தட்டினால் ஓடும். ஏன் ஓடுகிறது என்று கேட்க நேரமில்லை. முழு மனித ஜீனோமை 8 ஜிபி லேப்டாப்பில் ஓட்டினால் மூச்சு முட்டும் என்பதால் 11-ஆம் குரோமோசோமை மட்டும் கொடுத்தார்கள். அது நல்ல முடிவு. வேலை ஓடியது எங்கோ தூரத்து சர்வரில்; கரண்டு போய் வைஃபை அறுந்ததும் பாதிப் பேருக்கு ஓடிக்கொண்டிருந்த வேலையும் சேர்ந்து செத்தது. இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடிக்கொண்டே இருக்க டிமக்ஸ் என்று ஒரு வழி இருக்கிறது. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், கடைசி நாள் சொன்னார்கள். மலையில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

ஜீனோமைப் படமாகக் காட்டும் ஐஜிவி மென்பொருளின் திரையைத் திறந்த நேரம் மட்டும் கூடமே கலகலப்பானது. படித்த எழுத்துத் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாம்பல் நிறப் பட்டைகளாக அடுக்கி நிற்கும். மாதிரியிலிருந்து மாறும் எழுத்து மட்டும் வண்ணத்தில் தெரியும். 11-ஆம் குரோமோசோம், 5,227,002-ஆம் இடம். பாடப் புத்தகத்தில் ஜிஏஜி என்பது ஜிடிஜி ஆகிறது, ஏ போய் டி வருகிறது, குளுட்டாமிக் அமிலம் வேலின் ஆகிறது என்று படித்தவர்கள் நாங்கள். திரையில் டி போய் ஏ வந்து நிற்கிறது. தலைகீழ்! அந்த மரபணு எதிர் இழையில் எழுதப்பட்டிருக்கிறது, திரை காட்டுவதோ முன் இழையை; ஒரு இழையில் ஏ இருந்தால் எதிரே நிற்பது டி. கூடவே இன்னொரு குழப்பம்: புத்தகத்தில் ஆறாவது அமினோ அமிலம், மென்பொருள் அச்சடிப்பது ஏழாவது. தொடக்கத்தில் வரும் மெத்தியோனின் பிறகு வெட்டுப்பட்டுப் போய்விடுவதால் பழைய கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை, மென்பொருள் சேர்த்துக்கொள்கிறது. இதற்கு நடுவில் கடைசி வரிசையில் ஒருவர் எதுவுமே தெரியவில்லை என்று கையைத் தூக்கினார். அவருடைய லேப்டாப்பில் 2009-இன் பழைய மாதிரி ஜீனோம் ஏற்றியிருந்தது; அதில் இதே எழுத்து 5,248,232-ஆம் இடத்தில் இருக்கும். ஒரே எழுத்துக்கு இத்தனை விலாசக் குழப்பம். அறிக்கை எழுதும்போது எந்தப் பதிப்பு என்று போடாவிட்டால் அந்த அறிக்கைக்கு மதிப்பே இல்லை என்று அன்று எல்லோருக்கும் உறைத்தது.

இப்போது, மேலே சொன்ன அந்த ஒரு மணி நேரம். நான்காம் நாள் சாயங்காலம், எல்லோரும் டீக்குப் போன பிறகு, என் ஆல்ஃபா கேள்வியை அந்த பெங்களூர்த் தம்பியிடம் கேட்டேன். அவர் டீயை விட்டுவிட்டு முழு ஜீனோம் தரவு ஒன்றைத் திறந்து 16-ஆம் குரோமோசோமுக்குப் போனார். போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், டீ குடிக்கப் போனவர்களும் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். ஆல்ஃபா குளோபினுக்கு எச்பிஏ1, எச்பிஏ2 என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மரபணுக்கள். எழுத்துக்கு எழுத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். திரையில் அந்த இடத்தில் மட்டும் பட்டைகள் சாம்பல் நிறமில்லாமல் வெள்ளையாகக் கிடந்தன. வெள்ளை என்றால், இந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று மென்பொருளுக்கே நம்பிக்கை இல்லை, மதிப்பெண் பூஜ்யம். ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் ஏதோ ஒரு வாசலில் போட்டுவிட்டுப் போவது போலத்தான். 150 எழுத்துத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஆல்ஃபா தலசீமியாவுக்குக் காரணமான 3.7 கிலோபேஸ் (3,700 எழுத்து) நீக்கத்தை இந்த வழக்கமான வழியில் நம்பிச் சொல்ல முடியாது. மாற்றம் தேடும் படி அந்தத் துண்டுகளைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்; பட்டியலில் ஆல்ஃபா பற்றி ஒன்றும் வராது; பார்க்கிறவர் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிவிடுவார்.

"அப்ப எனக்கு என்ன வழி?" என்றேன். "அக்கா, உங்க கேள்விக்கு ஜீனோமே வேண்டாம். கேப் பிசிஆர் பண்ணுங்க" என்றார். நீக்கத்தின் இரு கரைகளிலும் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சின்ன டிஎன்ஏ துண்டு) வைத்து நகலெடுத்து, நடுவில் இருப்பது இருக்கிறதா போய்விட்டதா என்று ஜெல்லில் பார்க்கும் பழைய, மலிவான சோதனை. முதலில் இரும்புச்சத்தைப் பார், அது சரியாக இருந்தால் பிசிஆருக்கு அனுப்பு, நீளத் துண்டு சீக்குவென்சிங் கடைசி வழி. ஜீனோம் வகுப்பு எடுக்க வந்தவர் ஜீனோம் வேண்டாம் என்று சொன்னதற்காக அவர் வேகமாகத் தட்டியதை எல்லாம் மன்னித்துவிட்டேன். இது மட்டும் ஏன் பாடத்திட்டத்தில் இல்லை, டீ நேரத்தில் நடந்தது என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

எல்லோருக்கும் என்னளவு அதிர்ஷ்டம் இல்லை. கோத்தகிரி பக்கத்துப் படகர் பையன் ஒருவன் உருளைக்கிழங்கில் ஆராய்ச்சி செய்கிறவன், சொந்தத் தரவோடு வந்திருந்தான். 'உயிர் அறிவியல் துறையினர் அனைவருக்கும்' என்று அறிவிப்பில் போட்டிருந்தார்களே. மனிதனுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி, உருளைக்கு நான்கு. சொல்லிக் கொடுத்த கட்டளைகள் எல்லாம் இரண்டு என்றே எண்ணிக்கொண்டு ஓடின. நான்கு என்று சொல்ல ஜிஏடிகேயில் ஒரு தேர்வு இருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு அப்பால் அவனுக்கு யாரும் உதவவில்லை. மூன்று நாள் மனிதத் தரவை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனான். 21,240 ரூபாய் அவன் உதவித்தொகையில் எவ்வளவு பெரிய பங்கு என்று எனக்குத் தெரியும். அறிவிப்பில் 'மனித மரபியல் மட்டும்' என்று மூன்று வார்த்தை சேர்த்திருந்தால் அந்தப் பணம் அவனிடம் இருந்திருக்கும்.

ஒப்பிடுவதற்கு எடுத்த தரவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் 26 மக்கள் கூட்டங்களைச் சேர்ந்த 2,504 பேர் இருக்கிறார்கள். 'தமிழர்களுக்கு இது' என்று காட்டிய தொகுப்பு இங்கிலாந்தில் வாழும் இலங்கைத் தமிழர் நூற்றுச் சொச்சம் பேர். கூடலூரில் பாதித் தோட்டங்களில் வேலை செய்வது 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் திரும்பி வந்த குடும்பங்கள். லண்டனில் இருக்கிற இலங்கைத் தமிழரும் அவர்களும் ஒன்று என்று வைப்பதற்கே எனக்கு மனம் வரவில்லை; அந்தத் தொகுப்பைப் பணியருக்கும் இருளருக்கும் அளவுகோலாக வைப்பதைப் பற்றி என்ன சொல்ல? ஜீனோம் இந்தியா திட்டத்தின் 10,000 ஜீனோம்கள் 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியாக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அதற்கு எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு ஸ்லைடாவது இருந்திருக்கலாம்.

வகுப்பு முடிந்த பிறகுதான் மனக்கசப்பு. வீடியோ பதிவு தருவதாகச் சொன்னார்கள். லிங்க் வந்தது, திறந்தால் காலாவதி. மீண்டும் கேட்டால் 'டீமிடம் சொல்கிறோம்'. சர்வர் கணக்கை அந்த வாரக் கடைசியிலேயே மூடிவிட்டார்கள், எங்கள் கோப்புகளும் அதோடு போயின. வாட்ஸப் குழுவில் இப்போது வருவது அடுத்த பேட்ச் விளம்பரமும் காலை வணக்கமும்தான். மேடம் மட்டும் இன்றைக்கும் ஃபோன் எடுத்துப் பேசுகிறார்.

சீக்குவென்சிங் பாதி இலவசமாகக் கிடைக்கும் என்றேனே, கேலக்ஸி என்ற இணையதளத்தைத்தான் சொன்னேன். கணக்குத் தொடங்கக் காசில்லை, வேலை அவர்கள் சர்வரில் ஓடும், நம் பக்கம் பிரவுசர் போதும், கரண்டு போனாலும் கவலையில்லை. கட்டளை தட்டத் தெரியாதவர்களும் படி படியாகப் பாடங்களைப் பார்த்துச் செய்யலாம். ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் படங்களோடு இருக்கிறது. ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமான இஎம்பிஎல்-இபிஐயின் இணையப் பாடங்களும் இலவசம். வெளிநாடு போகும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு கேம்பிரிட்ஜ் அருகே ஹிங்ஸ்டன் வளாகத்திலும், ஜெனடிக் எபிடெமியாலஜிக்கு என்றே பிரிஸ்டல் பல்கலைக்கழகத்திலும் குறுகிய வகுப்புகள் உண்டு. ஆனால் ஊர் ரிஜிஸ்டரைக் கேட்டுவிட்டு, போர்டில் அக்கா மகள் கணக்குப் போடுகிற ஆளை இணையத்தில் நான் பார்க்கவில்லை.

யார் போகலாம்? ரத்தம் எடுக்கிறவர்கள், முகாம் நடத்துகிற டாக்டர்கள், லேப் ஆட்கள், எம்.எஸ்சி முடித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைக்கிறவர்கள் போகலாம். முதல் இரண்டு நாளுக்கு மட்டும் தனிக் கட்டணம் கேட்டுப் பாருங்கள். அடுத்த பேட்சுக்கு அப்படித் தருவதாகப் பேச்சு இருக்கிறது. நிரல் எழுதத் தெரிந்த பொறியாளர்களுக்கு மூன்று நாள் சலிக்கும். செடி, மாடு, கிருமி ஆட்கள் பணம் கட்டும் முன் 'என் தரவை ஓட்டிக் காட்டுவீர்களா' என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சர்வர் கணக்கு எத்தனை நாள் இருக்கும், பதிவு எத்தனை நாள் இருக்கும் என்பதையும் அதே மெயிலில் கேளுங்கள்.

அடுத்த பேட்ச் மே மாதம் என்கிறார்கள். சீசன் நேரம். கீழிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்தாக வேண்டும், மேட்டுப்பாளையம் ஏற்றத்தில் பாதி நாள் போகும், குன்னூரில் அறை வாடகை கட்டணத்தையே தொட்டுவிடும். நான் தங்கியது பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு லாட்ஜ், வெந்நீர் காலை ஆறரை வரைதான். முடிந்தால் செப்டம்பர் பேட்சுக்குச் சொல்லி வையுங்கள். ஸ்வெட்டரோடு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் எடுத்துக்கொள்ளுங்கள்.